தயங்குகிறவருக்கு ஒரு வக்காலத்து

(கல்லூரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் இடையே வந்த கிளைக்கதைகள் குறைக்கப்பட்டுள்ளன.)



அறக்கட்டளைக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு உயர்கல்வியின் எதிர்காலம். அது பெரிய தலைப்பு. அதைப் பேசத் துணை வேந்தர்கள் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடிவு வந்திருக்கும் இந்த மாதத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற ஒரு சின்னக் கேள்வியை மட்டும் அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்கிறேன். எந்த மேஜர் எடுப்பது என்று தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எனக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்த்திராத பாடங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாம் சொல்கிறோம். அதற்கு நேர்மையான பதில் வேறு என்னவாக இருக்க முடியும்? அப்படித் தயங்குகிற பிள்ளை தனக்கென்றே படைக்கப்பட்ட பாடம் ஒன்று எங்கோ இருப்பதாக நினைத்து அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தத் தேர்வை எடுத்தால் பின்னால் மாறிக்கொள்ளலாம், எதை எடுத்தால் மாற முடியாது என்று கணக்குப் பார்த்தால் போதும். மாறும் வழியைத் திறந்துவைப்பது கல்லூரிகளின் கடமை. என்னுடைய வக்காலத்து இவ்வளவுதான். இனி வாதங்கள்.

1. பிள்ளை எதைப் பார்த்திருக்கிறது?

பத்தாம் வகுப்பு வரை ஐந்து பாடம், 500 மதிப்பெண். அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். சமூக அறிவியலுக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். இதை முடித்த கையோடு, 15 வயதில், 'என்ன குரூப்?' என்ற கேள்வி வருகிறது. பல பள்ளிகளில் அதற்குப் பிள்ளை பதில் சொல்வதேயில்லை, மதிப்பெண் சொல்லிவிடுகிறது. அதிகம் வாங்கினால் பயோ மேத்ஸ் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ், நடுவில் நின்றால் காமர்ஸ், அதற்கும் கீழே என்றால் வரலாற்று குரூப் அல்லது தொழிற்பிரிவு. எந்த அறிவிப்புப் பலகையிலும் இது எழுதப்பட்டிருக்காது. எழுதாத சட்டம் என்பதால் யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை.

இரண்டு வருடம் கழித்துக் கல்லூரி விண்ணப்பம் வருகிறது. புள்ளியியல், உளவியல், நிலவியல், சமூகப்பணி, மானிடவியல், நுண்ணுயிரியல், காட்சித் தொடர்பியல். இந்தப் பெயர்களில் பலவற்றைப் பிள்ளைகள் முதன்முதலாகப் படிப்பதே அந்தப் படிவத்தில்தான். நிலவியலையும் புவியியலையும் ஒன்றென்று நினைத்து வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் புள்ளியியல் கற்பித்தவன். என் துறையை முதல் விருப்பமாகக் கேட்டு வந்தவர்கள் அரிது. கணிதம் கிடைக்காதவர் வருவார், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர் வருவார். முதல் செமஸ்டர் முழுக்க முகம் தொங்கியிருக்கும். கூறெடுப்பு நடத்தும் பருவத்தில்தான் சிலரிடம் மாற்றம் தெரியும். ஓர் ஊராட்சியில் எல்லா வீட்டையும் கேட்காமல், சில வீடுகளை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஊர் நிலவரம் தெரிந்துவிடும் என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகம் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் அப்படி மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி செமஸ்டர் வரை இந்தப் பாடத்தைச் சகித்துக்கொண்டு மட்டும் போனவர்களும் உண்டு. ஆனால் இரண்டு வகையினரும் ஒரு விஷயத்தில் ஒன்று: பாடத்தோடு சில மாதம் பழகிய பிறகுதான் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. விண்ணப்பம் நிரப்பிய நாளில் யாராலும் முடியவில்லை.

விருப்பம் முதலில் வரும், படிப்பு பின்னால் வரும் என்று ஆலோசனைக் கூட்டங்களில் சொல்கிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் தலைகீழ்.

2. நாம் ஒரு வருடத்தை இடம் மாற்றினோம்

இந்த அரங்கில் நரைத்த தலைகள் சில தெரிகின்றன. அவர்களுக்கு பி.யூ.சி. நினைவிருக்கும். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பள்ளியில், பிறகு ஒரு வருடப் புகுமுக வகுப்பு கல்லூரியில், அதன் பிறகு பட்டப்படிப்பு. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது, பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் பள்ளிக்குள் போயின.

அந்த மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கல்லூரி இல்லாத ஊரில் மேல்நிலைப் பள்ளி வந்தது. பெண்பிள்ளையை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் உள்ளூர்ப் பள்ளியில் மேலும் இரண்டு வருடம் படிக்கவைத்தன. பி.யூ.சி. காலத்தை நினைத்து ஏங்குகிறவன் அல்ல நான். அந்த வருடத்தில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டு மிரண்டு, தோற்று, வீட்டோடு நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் ஓர் இழப்பு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பி.யூ.சி. மாணவன் பட்டப் பாடத்தை முடிவு செய்யும்போது ஒரு வருடமாகக் கல்லூரிக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். பொருளியல் துறை எங்கே இருக்கிறது, விலங்கியல் ஆய்வகத்தில் என்ன நாற்றம் அடிக்கிறது, எந்தப் பேராசிரியர் வகுப்புக்கு அடுத்த துறைக்காரர்களும் போய் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இன்றைய மாணவர் முடிவெடுக்கும் நாளில் கல்லூரி வாசலை விண்ணப்பம் போட வந்தபோது பார்த்திருந்தால் உண்டு. விண்ணப்பமும் இணையவழி ஆகிவிட்டதால் அதுவும் இல்லை.

பள்ளியில் தொடங்கிய நல்ல முயற்சிகளை மறுக்கவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் அதையொட்டிய 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் படிப்புகளின் பட்டியலை அரசுப் பள்ளி மாணவர் கையில் கொண்டு சேர்த்தன. பட்டியல் தெரிவது ஒரு முன்னேற்றம்தான். பட்டியலில் உள்ள பாடத்தின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது அடுத்த படி. அந்தப் படியை நாம் இன்னும் கட்டவில்லை.

3. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும்

சீக்கிரம் முடிவெடுப்பது நல்லதா, தாமதமாக எடுப்பது நல்லதா? இதைச் சோதித்துப் பார்க்க யாரும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடியாது. ஆனால் பிரிட்டனில் வரலாறே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் மாணவர் விண்ணப்பிக்கும்போதே பாடத்தைச் சொல்ல வேண்டும், மூன்று வருடம் பெரும்பாலும் அதையே படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆனர்ஸ் பட்டம் நான்கு வருடம். முதல் இரண்டு வருடத்தில் பல பாடங்களைப் படித்துவிட்டு அதன் பிறகு ஒன்றில் ஊன்றுவது அங்கே மரபு.

ஓஃபர் மாலமுட் என்ற பொருளியலாளர் இந்த இரு நாட்டுப் பட்டதாரிகளும் பிற்பாடு என்ன வேலைக்குப் போனார்கள் என்று ஒப்பிட்டார். 2011இல் அந்த ஆய்வு வெளியானது. படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு மாறிப்போனவர்கள் இங்கிலாந்துக்காரர்களிடையேதான் அதிகம். சீக்கிரம் முடிவெடுத்தவர்கள் பிறகு விலகினார்கள். பொறுத்து முடிவெடுத்தவர்கள் அதிகம் தங்கினார்கள். சீக்கிரம் தொடங்குவதால் ஒரு பாடத்தில் கிடைக்கும் கூடுதல் தேர்ச்சி, அந்தப் பாடமே வேண்டாம் என்று விட்டுப் போகும்போது வீணாகிறது.

புள்ளியியல்காரன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பிரிட்டன் வேறு, நாம் வேறு. அங்கே வரலாறு படித்தவர் வங்கியில் அதிகாரியாகச் சேர்வது சகஜம். ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்கக் கூடாது. தாமதித்தவர் எல்லாம் தடுமாறிப்போவார் என்று நம் வீடுகளில் இருக்கும் பயத்துக்கு இது ஒரு பதில். அந்த அளவுக்குத்தான் இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் முடிவு செய்யாமலே சேர்கிறவர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் தனிப் பிரிவே உண்டு. முடிவு செய்து சேர்ந்தவர்களிலும் பலர் அதில் நிற்பதில்லை. அங்குள்ள தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, இளநிலைப் படிப்பில் மேஜர் அறிவித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூன்று வருடத்துக்குள் அதை மாற்றினார். கணிதத்தை அறிவித்தவர்களில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேர், வேறு பாடத்துக்குப் போனார்கள். கணித ஆசிரியர்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டாம். பள்ளிக் கணக்கு ஒன்று, கல்லூரிக் கணிதம் வேறொன்று. சேர்ந்த பிறகுதான் அது தெரிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

4. மாறியவர்களும் மாற்றத்தின் விலையும்

இந்த இடத்தில் எல்லாப் பேச்சாளர்களும் பெரிய மனிதர்களைக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிடுகிறேன், வேறொரு காரணத்துக்காக.

ஜி. என். ராமச்சந்திரன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்து சி. வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அவர் அவிழ்த்தது உயிரியல் முடிச்சை: கொலாஜன் என்ற புரதத்தின் மும்மடி முறுக்கு.

வெங்கி ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர், வளர்ந்தது பரோடாவில். அங்கே இயற்பியலில் இளநிலை, அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலிலேயே முனைவர் பட்டம். முனைவர் ஆன பிறகு தன் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து, சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு வருடம் உயிரியல் பாடம் படித்தார். பட்டம் வாங்கியவர் பால பாடத்துக்குத் திரும்பி, தன்னைவிட இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலில். எந்த மேஜர் என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று நான் யோசித்ததுண்டு.

அப்துல் கலாம் தூய வளனாரில் இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெரிந்துகொண்டார். அதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய், ராமேசுவரத்து வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

இவர்களைக் காட்டி 'நீங்களும் மாறலாம், வானமே எல்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாறித் தோற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதால் இந்தச் சான்று எப்போதும் ஒருபக்கச் சான்றுதான். நான் பார்க்கச் சொல்வது மாற்றத்துக்கான செலவை யார் ஏற்றார்கள் என்பதை. ராமச்சந்திரனுக்கு ஒரே வளாகத்தில் பக்கத்துத் துறைக்குப் போகும் வழி இருந்தது. வெங்கிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் இரண்டாம் முறையும் இடம் கொடுத்தது. கலாமுக்கு அக்காவின் வளையல். நிறுவனம் கொடுக்காத இடத்தில் வீடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் போனால் ஒரு வருடம்தான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது தங்கையின் படிப்பு, வாங்கிய கடன், ஊர் வாய். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அந்தத் தொகையை நம்பி வீடு அனுப்பியிருக்கிறது. அவளிடம் போய் 'பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த வருடம் வேறு சேர்ந்துகொள்' என்று ஆலோசனை சொல்கிறவருக்கு அவள் வீட்டு நிலவரம் தெரியவில்லை. மாறும் வழியைக் கல்லூரிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று நான் சொல்வது முதன்மையாக அவளுக்காகத்தான்.

5. எந்தக் கதவு மூடும்?

இப்போது கணக்குக்கு வருவோம். பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாடங்களுக்கு இடையிலுள்ள வழிகள் பல ஒருவழிப் பாதைகள். பிளஸ் ஒன்னில் கணிதம் எடுத்தவர் பின்னால் பி.காம்., ஆங்கில இலக்கியம், சட்டம் எதற்கும் போகலாம். காமர்ஸ் எடுத்தவர் பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ வருவது மிகவும் கடினம். உயிரியல் இல்லாமல் நீட் வழியே மருத்துவத்துக்குப் போக முடியாது. இதற்காக எல்லோரும் கணித குரூப் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கண்டால் காய்ச்சல் வரும் பிள்ளையை அதில் தள்ளினால் இரண்டு வருடத்தில் மதிப்பெண்ணும் போகும், தன்னம்பிக்கையும் போகும், திறந்துவைத்த கதவால் பயன் இராது. இரண்டும் ஓரளவு வரும், எது என்று தெரியவில்லை என்கிற பிள்ளைக்கு மட்டும் இந்த யோசனை.

மேஜர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற கதவுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடம் பட்டத்தில் படித்ததாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வங்கி அதிகாரித் தேர்வு, மூன்றாண்டு சட்டப் படிப்பு, எம்.பி.ஏ. எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மறுபக்கம், மேஜரையே கேட்கும் கதவுகள்: பள்ளி ஆசிரியர் பணி, எம்.எஸ்சி. அறிவியல் பாடங்கள், இந்தியப் புள்ளியியல் பணி. ஆசிரியர் வட்டாரத்தில் 'கிராஸ் மேஜர்' என்று சொன்னாலே புரியும். இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறொரு பாடம் படித்துவிட்டுப் பள்ளிப் பணிக்கு அலைந்தவர்களின் கதை அது.

புதுப் பெயர் சூடி வரும் பட்டங்கள் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பட்டம் வழக்கமான இன்ன பட்டத்துக்கு இணையா என்ற கேள்வி எழும். இணை, இணையல்ல என்று உயர்கல்வித் துறை அரசாணைகளே போட்டிருக்கிறது. சேரும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். முடிவு செய்யாத பிள்ளைக்குப் பழைய, அகலமான பெயருள்ள பட்டமே பாதுகாப்பு. குறுகிய பெயரை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதோடு அலைடு பாடத்தைப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது யாரும் கவனிக்காத வரி அது. இயற்பியல் மேஜருக்குக் கணிதமும் வேதியியலும் அலைடாக வரும். பொருளியலுக்குச் சில இடங்களில் புள்ளியியல் வரும். இரண்டு பாடத்துக்கு நடுவே நிற்கும் மாணவருக்கு ஒன்றை மேஜராகவும் மற்றதை அலைடாகவும் தரும் கல்லூரி கிடைத்தால், முதல் வருடத்திலேயே இரண்டையும் பழகிப் பார்க்கலாம். நம் கல்விமுறைக்குள்ளேயே இருக்கும் சின்ன ஸ்காட்லாந்து அது.

'ஸ்கோப் இருக்கா?' என்று கேட்பவர்களுக்கு நான் நீளமாகப் பதில் சொல்வதில்லை. 2001இல் அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரிந்தபோது கம்ப்யூட்டர் படிப்பு முடிந்தது என்றார்கள். இன்று பொறியியல் கலந்தாய்வில் முதலில் நிரம்புவது அதுதான், சிவிலும் மெக்கானிக்கலும் காத்திருக்கின்றன. இன்றைய ஸ்கோப்பைப் பார்த்துச் சேர்பவர் வேலைச் சந்தைக்கு வருவது மூன்று நான்கு வருடம் கழித்து.

6. விருப்பப் பட்டியலில் உண்மையை எழுதுங்கள்

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது. 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2007இல் நுழைவுத்தேர்வு போனது. 2018 முதல் இணையவழியில் விருப்பப் பட்டியல். கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, ஆக 200க்குக் கட் ஆஃப். மதிப்பெண்கள் எல்லாம் சமமாக வந்துவிட்டால் பிறந்த தேதி பார்த்து மூத்தவருக்கு முன்னுரிமை, தேதியும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். அப்படி ஒரு ரேண்டம் எண்ணால் கிடைத்த பிரிவைத்தான் பிறகு வீட்டில் 'அவன் சின்ன வயசிலிருந்தே எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வீடுகளில் நடக்கும் தவறான உத்தி இது. 'அந்தக் கல்லூரி நமக்குக் கிடைக்காது, முதலில் போட்டு இடத்தை வீணாக்காதே, கிடைக்கக்கூடியதை முதலில் போடு.' இது வேறு ஏதோ முறைக்குப் பொருந்தும் அறிவுரை. நம் கலந்தாய்வில் கணினி என்ன செய்கிறது? தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து படிக்கிறது. உங்களுக்குரிய பிரிவில் இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுக்கிறது. கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதற்காக இரண்டாவது விருப்பத்தில் நீங்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. ஆகவே கிடைக்காது என்று நினைத்ததை முதலில் எழுதுவதால் நட்டம் ஒன்றும் இல்லை. கிடைக்கும் என்று நினைத்ததை மேலே ஏற்றினால், உண்மையில் வேண்டியது காலியாக இருந்தும் அது கை நழுவலாம்.

மாணவரையும் கல்லூரியையும் இணைக்கும் இந்தக் கணக்கை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவர் 1962இல் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார்கள். அந்த ஆராய்ச்சி மரபுக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்தது. தன் விருப்பத்தை உள்ளபடி சொல்கிறவர் ஏமாறாத முறை எது என்பது அந்த மரபின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. தரவரிசைப்படி எடுத்து மேலிருந்து படிக்கும் முறை அந்தச் சோதனையில் தேறும்.

முடிவு செய்யாதவர் எப்படி வரிசைப்படுத்துவது? மொத்தப் பட்டியலையும் பார்த்தால் தலை சுற்றும். இரண்டிரண்டாக எடுங்கள். 'இந்த இரண்டு மட்டும்தான் உலகத்தில் இருந்தால் எதில் சேருவேன்?' இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகளால் பதில் சொல்ல முடிகிறது. சேரவே மாட்டேன் என்பதைப் பட்டியலில் எழுதாதீர்கள், கணினி அதைக் கொடுத்துவிடும்.

7. இடையில் இருக்கும் வாரங்கள்

தேர்வு முடிவுக்கும் சேர்க்கைக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. முதல் செமஸ்டரைப் படிக்காதீர்கள், அது எல்லாப் பாடத்திலும் அறிமுகம்தான். ஐந்தாம் செமஸ்டரைப் படியுங்கள், அங்கேதான் பாடத்தின் சொந்த முகம் தெரியும். பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்பது மட்டும்தான் சோதனை. பேசுவதானால் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவரிடம் பேசுங்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் அதற்குப் பிறகு பேசலாம்.

8. கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை

இதைச் சொல்வதற்காகத்தான் அழைப்பை ஏற்றேன் என்று கல்லூரி முதல்வரிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் நடப்பது கலைக் கல்லூரிக்காரர்களுக்குத் தெரியும். ஜூனில் எல்லாத் துறையும் நிரம்புகிறது. பொறியியல் கலந்தாய்வு நடக்க நடக்க, பாதுகாப்புக்காக இங்கே சேர்ந்திருந்த பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். இயற்பியலில் சில இடம், கணிதத்தில் சில இடம், வேதியியலில் சில இடம் காலியாகின்றன. சில வருடங்களில் அந்த நாற்காலிகள் கடைசி வரை காலியாகவே கிடக்கின்றன. அதே சமயம் பக்கத்துத் துறையில் 'தப்பாகச் சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு காலவரம்பு போதும். முதல் செமஸ்டரின் நடுவில், காலியிடம் உள்ள துறைகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மாற விரும்புகிறவர் முதலில் இரண்டு வாரம் அந்தத் துறை வகுப்புகளில் உட்கார்ந்து பார்க்கட்டும், அந்த நாட்களுக்கு வருகைப்பதிவு குறையாது என்று எழுத்தில் கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் எல்லாத் துறைக்கும் பொது என்பதால் ஈடுகட்ட வேண்டியது மேஜரும் அலைடும்தான். விடுமுறையில் நடத்தும் இணைப்பு வகுப்பில் அதைச் செய்யலாம். மாறுவதற்கு மதிப்பெண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள். சில பொறியியல் நிறுவனங்களில் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாற்றம் கொடுத்த அனுபவம் இருக்கிறது. முதலிடம் வாங்கியவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓடியதைத் தவிர, பாடம் பிடிக்காமல் திணறிய பிள்ளைக்கு அதனால் வழி பிறக்கவில்லை. பாடம் பிடிக்காதவர் அந்தப் பாடத்தில் முதலிடம் வாங்கினால்தான் வெளியேறலாம் என்பது என்ன நியாயம்?

பல்கலைக்கழக விதிகள் குறுக்கே வரும். அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, இனவாரிச் சுழற்சி, பதிவெண் கொடுக்கும் கடைசி நாள், எல்லாம் இருக்கிறது. பதிவெண்ணுக்கு முன்பே மாற்றத்தை முடித்துவிட்டால் பெரும் பகுதி சிக்கல் தீரும். சுழற்சியைப் பொறுத்தவரை, ஒருவர் காலி செய்த இடத்தில் அதே ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவரே வரட்டும். கல்விக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இதை ஒரு தீர்மானமாக எழுதி முதல்வரிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் இரண்டு துறைகளில் மட்டும் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் துறைக்கே திரும்பினார்கள் என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.